கோழி நொண்டினால் முதலில் பாதத்தைப் பாருங்கள்

‘எங்கள் கோழி இரண்டு நாளாகக் காலை இழுத்து இழுத்து நடக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?’

கேள்வி-பதில் பகுதிக்கு இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. கோழிக்கு என்ன வயது, எந்தக் கால், தீனி எடுக்கிறதா, எச்சம் எப்படி இருக்கிறது என்ற விவரம் ஒன்றும் அதில் இருக்காது. திரும்ப அழைத்து, ‘பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால், மறுமுனையில் சற்று நேரம் பேச்சு இருக்காது. பிறகு, ‘இன்னும் பிடிக்கலீங்க’ என்று பதில் வரும்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.எஸ்சி. விவசாயம் படித்துவிட்டு நெல், மணிலா, தென்னை என்று சுற்றி வருகிறவன். ஆனால், தோட்டம் பார்க்கப் போகும் வீட்டில் கோழியையும் காட்டாமல் யாரும் அனுப்புவதில்லை. அப்படிப் பார்த்துப் பழகியதையும், கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கனகசெட்டிக்குளம் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டையும் தாண்டி இருக்கிறது. அதற்கு மேல் போனால் தமிழ்நாட்டு எல்லை. ஒரு மே மாதத்தில், தென்னையில் காண்டாமிருக வண்டு விழுந்திருக்கிறது என்று அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தெருவில் நிழல் விழுந்த இடத்திலெல்லாம் வலையை விரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மா என்னை மரத்தடிக்கு வரவிடவில்லை. “சார், மரம் எங்கயும் ஓடாது. மொதல்ல இந்தக் கோழிய வந்து பாருங்க. வெள்ளக் கழிச்சல் மாதிரி இருக்கு. சாவறதுக்குள்ள அறுத்துடுன்றாங்க” என்றார்.

சிவப்புப் பெட்டை. சுவரோரமாக ஒரு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு நாள் வயதுள்ள ஒன்பது குஞ்சுகள். “இது போச்சுன்னா ஒம்போதும் பருந்துக்கும் காக்காவுக்கும்தான் சார்” என்றார். அவர் சொன்னது சரி. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை வரைதான் இடும். அதையும் மூன்று நான்கு ஈடாக இட்டு, இடையில் அடைகாத்து, குஞ்சு வளர்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல தாய்க்கோழி ஒன்று போனால், அந்த வீட்டுக்கு அரை வருடச் சில்லறை வருமானம் போனது மாதிரி. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. அதற்குக் கணக்கு நோட்டு கிடையாது. அதனால் நஷ்டமும் யார் கண்ணிலும் படுவதில்லை.

‘பிடிங்கம்மா, பார்க்கலாம்’ என்றேன். அப்படிச் சொன்னதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

இருபது வருடத்துக்கும் முன்பு, வேறு ஒரு ஊரில் இதேபோல ஓர் அம்மா நொண்டும் கோழியைக் காட்டினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, ‘ராணிக்கெட்டாக இருக்கும், ஒதுக்கிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் அறுத்துவிட்டார். சுத்தம் செய்யும்போது உள்ளங்காலில் அரை அங்குலத்துக்கு ஒரு கருவேல முள். அடுத்த முறை போனபோது அந்த முள்ளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, கையில் பிடித்துப் பார்க்காமல் எந்தக் கோழிக்கும் நான் நோய்ப்பெயர் சொல்வதில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பது

துரத்திப் பிடிக்காதீர்கள். வலிக்கிற கால் இன்னும் கெடும். இருட்டிய பிறகு, அடையும் இடத்தில் போய் எடுத்தால் சத்தமில்லாமல் வரும். பழைய துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, தலையை லேசாக மூடினால் அடங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அதனால் மூச்சு விட முடியும். குழந்தைகள் ஆசையாக இறுக்கிப் பிடித்தே கோழி செத்துப்போனது உண்டு.

பாதத்திலிருந்து மேலே போங்கள். உள்ளங்கால், விரல் இடுக்கு, ஒவ்வொரு விரலின் அடி, கணுக்கால், முட்டி, தொடை என்று தொட்டுப் பாருங்கள். நல்ல காலையும் கூடவே தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். எது சூடாக இருக்கிறது, எது வீங்கியிருக்கிறது, எதை அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். கோழியின் உடம்பு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். கைக்குக் கதகதப்பாக இருப்பதை வைத்து, ‘ஜுரம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கனகசெட்டிக்குளத்துப் பெட்டையின் பாதம் முழுக்கச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வெந்நீரில் கழுவினோம். நடுவிரலும் வெளிவிரலும் வீங்கிப் போயிருந்தன. விரல் அடியில் மோதிரம் போட்டதுபோல ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவின் மகன் கைப்பேசி விளக்கைப் பிடித்தான். நைலான் நரம்பு! வலை பின்னும்போது வெட்டிப்போட்ட துண்டு இரண்டு விரலையும் சேர்த்துச் சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. கோழி கிளறும்போது மாட்டும். நடக்க நடக்க இறுகும். கடலோரத்து ஊர்களில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தையல் நூல், தலைமுடி, சாக்குப்பிரி, மாஞ்சா நூல் என எதுவும் இந்த வேலையைச் செய்யும்.

உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்தோம். தோல் இளகியதும், நகவெட்டியின் முனையால் நரம்பைத் தூக்கி வெட்டினோம். ஒரு சுற்றை எடுத்துவிட்டு முடிந்தது என்று விடக் கூடாது. இதில் நான்கு சுற்று இருந்தது. கழுவித் துடைத்து, பொவிடோன் அயோடின் மருந்தைப் போட்டோம். மருந்துக்கடையில் ‘பெட்டாடின்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். வெயில் காலம், ஈ மொய்க்கும் என்பதால், மருந்து காய்ந்த பிறகு புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளைத் தடவச் சொன்னேன். தினமும் ஒருமுறை, ஏழு நாள்.

வெளிவிரல் பிழைக்கவில்லை. கறுத்து, காய்ந்து, மூன்றாவது வாரம் தானாகவே உதிர்ந்துவிட்டது. கறுத்த விரலை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். உடம்பே அதைக் கழித்துவிடும்.

ஆணி விழுந்த பாதம்

நரம்பும் முள்ளும் இல்லாமல், உள்ளங்காலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீக்கம், நடுவில் கறுப்புப் பொருக்கு. இதைச் சிலர் ‘கால் ஆணி’ என்கிறார்கள். சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்ப் பிடித்துக்கொண்ட சீழ்க்கட்டி இது. உடம்பு கனத்த கோழி, சிமென்ட் தரை, உயரமான மரத்திலிருந்து தினமும் குதிப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

பொருக்கு சிறியதாக, பாதம் சிவந்து மட்டும் இருந்தால் வீட்டிலேயே சரியாகும். தினமும் 15 நிமிடம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, அயோடின் போட்டு, பஞ்சு வைத்து மெல்லிய துணியால் கட்டி, உமி பரப்பிய இடத்தில் விடுங்கள். கட்டை இறுக்கிவிட்டால் விரல் வீங்கும். சாயங்காலம் ஒருமுறை பாருங்கள். வீக்கம் கெட்டியாக இருந்தால் பிதுக்காதீர்கள். மனிதர்களின் சீழ்போலக் கோழியின் சீழ் ஒழுகாது; பாலாடைக் கட்டிபோல உறைந்து நிற்கும். பிதுக்கினால் அது இன்னும் உள்ளேதான் போகும். அதைக் கீறி எடுப்பது கால்நடை மருத்துவர் வேலை. இந்தக் கிருமி நம் கைப் புண்ணிலும் தொற்றக்கூடியது. அதனால் கையுறையோ, பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கூண்டில் அடையும் கம்பை இரண்டு, மூன்று அடி உயரத்துக்குமேல் வைக்க வேண்டாம். கம்பு இரண்டு அங்குலக் கனத்தில், முனை மழுங்கி இருக்கட்டும். இது பைசா செலவில்லாத வைத்தியம்.

பாதம் சுத்தம், ஆனாலும் நடக்கவில்லை

இங்கேதான் வயது முக்கியம். குதிகால் முட்டியால் தவழும் குஞ்சுக்கு விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தால், அது பெரும்பாலும் சத்துக்குறைவு. வைட்டமின் பி2 போதவில்லை. கோழிகளுக்கான பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டால், ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் குஞ்சு தேறிவிடும்.

கோழியின் காலுக்கும் தீனிக்கும் உள்ள இந்த உறவுதான் உலகத்துக்கு வைட்டமின் என்ற ஒன்றையே காட்டிக் கொடுத்தது. இன்றைய ஜகார்த்தா, அன்று டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியா. 1889-ல் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த கோழிகள் வரிசையாகக் கால் விழுந்து சாய்ந்தன. என்ன கிருமி என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் தானாகத் தேறிவிட்டன. விசாரித்தால், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சும் தீட்டிய அரிசிச் சோற்றைத்தான் அதுவரை கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். சமையல்காரர் மாறினார். புதிதாக வந்தவர், ‘ராணுவத்துச் சோற்றை ராணுவத்தில் இல்லாத கோழிக்குத் தரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டார்! வேறு வழியில்லாமல் தவிடு நீக்காத அரிசியைப் போட, கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்தது வைட்டமின் பி1. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு என்ன கிடைத்தது என்று தெரியவில்லை. வெள்ளைச் சோற்றை மட்டுமே போட்டு, தவிட்டை மாட்டுக்கு ஒதுக்கிவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கைப்பிடித் தவிடு கோழிக்கும் போகட்டும்.

முட்டை இடும் பெட்டை திடீரென்று கால் தளர்ந்து உட்கார்ந்தால் சுண்ணாம்புச் சத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் இல்லாவிட்டால் தன் எலும்பைக் கரைத்துத்தான் கோழி ஓடு கட்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கிளிஞ்சல் சும்மா கிடைக்கிறது. கழுவிக் காயவைத்து, குருணை அளவுக்கு இடித்து, ஒரு கொட்டாங்கச்சியில் தனியாக வைத்துவிடுங்கள். தேவைப்படும் கோழி தானே தின்னும். குஞ்சுத் தீனியில் மட்டும் கலக்க வேண்டாம்.

பெட்டை நிமிர்ந்தபடி, பின்பக்கம் தாழ்ந்து நடந்து, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய 20 நிமிடம் உட்காரவைத்து, இருட்டான இடத்தில் விட்டுப் பாருங்கள். வெளியே வராவிட்டால் வயிற்றை அமுக்காதீர்கள். உள்ளே ஓடு உடைந்தால் கோழி பிழைப்பது கடினம். மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கால் எலும்பு முறிந்திருந்தால், முட்டிக்குக் கீழே செதில் உள்ள பகுதி என்றால் கட்டலாம். பஞ்சைச் சுற்றி, இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்து, துணி பிளாஸ்டர் ஒட்டி, மூன்று வாரம் அப்படியே விட வேண்டும். தொடை எலும்பு முறிவு வீட்டில் கட்டுவதற்கு அடங்காது.

கழுத்து துவண்டு, தலையைத் தரையில் போட்டுக் கிடந்தால், அழுகின மீனையோ செத்த பிராணியையோ, அதில் நெளியும் புழுவையோ தின்ற நஞ்சாக இருக்கலாம். மீன் கழிவைக் கோழி எட்டும் இடத்தில் கொட்டாமல் புதைத்துவிட்டால் இது வராது.

வீட்டு வைத்தியம் நிற்கும் இடம்

ஒரே சமயத்தில் நாலைந்து கோழி சோர்ந்து, கொட்டாவி விடுவதுபோல மூச்சு வாங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் திருகிக்கொண்டால் அது வெள்ளைக் கழிச்சல். 1920-களில் குமாவுன் மலையின் ராணிக்கெட் ஊரில் கண்டறியப்பட்டதால், ராணிக்கெட் என்றே பெயர் நிலைத்தது. வந்த பிறகு மருந்து கிடையாது. 7-ம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நான்காவது வாரம் மறுபடியும் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. இதுதான் வழி. மருந்துக் குப்பி 100 கோழிக்கு மேல் வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் ஒருவராக வாங்க முடியாது. தெருவே சேர்ந்து ஒரு நாள் குறித்துக்கொண்டால், ஒரு வீட்டுக்குச் சில ரூபாய்தான் ஆகும்.

இன்னொன்று, ஒரு காலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நீட்டிப் படுக்கும் வளர்ந்த குஞ்சு. மேரெக் நோய். 1907-ல் ஹங்கேரியில் யோசப் மேரெக் எழுதிவைத்த அடையாளம் இன்றும் மாறவில்லை. இதுவும் வைரஸ்தான், தேறாது. குஞ்சு பொரித்த முதல் நாளே போடும் ஊசிதான் காப்பு. குஞ்சு வாங்கும்போது, ‘மேரெக் போட்டாச்சா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

வரிசையாகத் திடீரென்று சாக ஆரம்பித்தால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்காதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். புதுச்சேரிக்காரர்கள், குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போகலாம். செத்த கோழியை அங்கே கொண்டுபோவதானால், முதலில் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லும் முறையில் கொண்டுபோங்கள்.

பத்து நாள் பணிவிடை

நொண்டும் கோழிக்கு மருந்தைவிட முக்கியம் இடம். கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தி விரட்டும். தீனிக்கு ஓட முடியாமல் பட்டினியால்தான் முதலில் சாகும். பஞ்சாரத்தின் கீழ் மூன்று அங்குலம் உமியோ வைக்கோலோ போட்டு, நிழலில், மற்ற கோழிகள் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். தனியாக மூலையில் அடைத்தால் சோர்ந்துவிடும். குஞ்சு இருந்தால் பகலில் உள்ளேயே விடலாம். அந்த அம்மா பஞ்சாரத்தை ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தூக்கி, குஞ்சுகள் மட்டும் போய்வர வழி வைத்திருந்தார். எனக்குத் தோன்றாத யோசனை அது.

தண்ணீர் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். முதல் நாள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து வையுங்கள். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், தானே விழுங்கும். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். நோயால் சாகாத கோழி பாலாடையால் ஊற்றிய கஷாயத்தில் செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தீனிக்குக் கேழ்வரகுக் களி, ஊறவைத்த கம்பு, தவிடு பிசைந்த சோறு, நறுக்கிய முருங்கைக்கீரை, பாதி அவித்த முட்டை. காலையில் தீனி வைக்கும் முன் கழுத்தடியில் இரைப்பையைத் தொடுங்கள், காலியாக இருக்க வேண்டும். சாயங்காலம் நிறைந்திருக்க வேண்டும். காலையிலும் கல்லுபோல இருந்தால் செரிக்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை பையில் போட்டு எடை பாருங்கள். முகம் பார்த்துச் சொல்வதைவிடத் தராசு சரியாகச் சொல்லும்.

நிற்கவே முடியாத கோழிக்கு ஒரு தூளி கட்டலாம். பழைய துணிப்பையில் கால் இரண்டும் வெளியே வர இரண்டு துளை, எச்சம் விழப் பின்னால் ஒரு துளை. ஸ்டூலைக் கவிழ்த்து நான்கு காலிலும் கட்டி, பாதம் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கவிடுங்கள். இருபது நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. நெஞ்சில் புண் விழாது, காலுக்கும் பழக்கம் விட்டுப்போகாது.

நம் வலி மாத்திரைகளை உடைத்துக் கொடுக்காதீர்கள். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சுளுக்கு பத்து நாளில் தெரியும், முறிவு மூன்று வாரம். இத்தனையும் செய்தும் தீனி தண்ணீர் தொடாமல், எடை இறங்கிக்கொண்டே போனால், இழுத்துக்கொண்டு கிடக்க விடாமல் முடித்துவிடுவதுதான் இரக்கம். அதைச் சமைக்க வேண்டாம், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

கனகசெட்டிக்குளத்துப் பெட்டை நான்காம் நாள் ஊன்ற ஆரம்பித்தது. ஜூலையில் தென்னைக்கு வைத்த பொறியைப் பார்க்கப் போனபோது, ஒரு விரல் குறைந்த காலோடு குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. குஞ்சு எட்டு. ஒன்றைக் காக்கை கொண்டுபோய்விட்டதாம். தெருவில் வலை பின்னுகிறவர்கள் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருந்தது. வெட்டிய நரம்பையெல்லாம் அதில்தான் போடுகிறார்கள். “அம்மா திட்டுவாங்க சார்” என்றான் அந்தப் பையன்.

அடுத்த முறை கேள்வி அனுப்பும்போது கோழியின் வயது, எந்தக் கால், எத்தனை கோழிக்கு இப்படி, எச்சத்தின் நிறம், என்ன தீனி, என்ன தடுப்பூசி எப்போது போட்டது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். கழுவிய பாதத்தின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.